முல்தான் பீர் குடும்பத்துப் பிரதமர்: யூசுப் ரசா கிலானி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிலானி, ஜீலானி, ஜெய்லானி எல்லாம் ஒரே பெயரா?

ஒரே பெயர்தான். ஈரானின் வடக்கே, காஸ்பியன் கடலோரம் கிலான் என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே பிறந்து பாக்தாதில் வாழ்ந்து 1166இல் மறைந்தவர் அப்துல் காதிர். காதிரிய்யா தரீக்கா, அதாவது சூஃபி வழி, அவர் பெயரால் வழங்குவது. அரபியில் 'க'வின் அந்த மென்மையான ஒலி கிடையாது, அதனால் அரபிகள் 'ஜீலானி' என்றார்கள். பாரசீகமும் உருதும் 'கிலானி' என்றே வைத்துக்கொண்டன. நம் பக்கம் அவர் முகியித்தீன் ஆண்டகை. காதர், மைதீன், ஜெய்லானி என்று தமிழ் முஸ்லிம் வீடுகளில் வைக்கும் பெயர்கள் எல்லாம் அந்த ஒருவரிடமிருந்து வந்தவை. இலங்கையில் பலாங்கொடைக்கு அப்பால் மலைமேல் இருக்கும் தப்தர் ஜெய்லானியும் அவர் தவமிருந்த இடம் என்ற நம்பிக்கையில் எழுந்ததுதான்.

ஆக, 2008 முதல் 2012 வரை பாகிஸ்தான் பிரதமராக இருந்தவரின் குடும்பப் பெயரும், காயல்பட்டினத்திலோ கல்முனையிலோ கடை வைத்திருக்கும் ஒரு ஜெய்லானியின் பெயரும் ஒன்று. ஒரு வித்தியாசம்: இங்கே அது பக்தியால் வைத்த பெயர், அங்கே வம்சம் சொல்லும் பெயர்.

கிலானி குடும்பம் முல்தானுக்கு எப்படி வந்தது?

அப்துல் காதிரின் வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொண்ட ஒரு கிளை 15ஆம் நூற்றாண்டில் தெற்குப் பஞ்சாபின் உச் நகரத்தில் குடியேறியது. அந்தக் கிளையில் வந்தவர் மூசா பாக். அக்பர் காலத்தவர். கொல்லப்பட்டு இறந்ததால் 'ஷஹீத்' (உயிர்த்தியாகி) என்ற அடைமொழி சேர்ந்தது. டெல்லியின் பெரிய ஹதீஸ் (நபிமொழி) அறிஞர் அப்துல் ஹக், மூசா பாக்கின் முரீதாக, அதாவது சீடராக, இருந்தவர். முல்தான் பழைய நகரத்தின் வாசல்களில் ஒன்றான பாக் கேட் உள்ளே மூசா பாக்கின் தர்கா இருக்கிறது. யூசுப் ரசா கிலானி அந்த வம்சம்.

முல்தான் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தரும் முல்தானி மெட்டி. ஊரைப் பற்றிப் பாரசீகத்தில் ஒரு பழமொழி உண்டு: முல்தானின் சீதனம் நான்கு, அவை புழுதி, வெயில், பிச்சைக்காரர்கள், கல்லறைகள். கடைசி இரண்டும் சேர்ந்தே வருவதைக் கவனியுங்கள். கல்லறை இருக்கும் இடத்தில் கூட்டம் சேரும், கூட்டம் சேரும் இடத்தில் கை நீட்டுகிறவர்களும் சேருவார்கள். கொஞ்ச காலத்தில் ஓட்டுக் கேட்பவர்களும் வந்துவிடுவார்கள்.

அப்படியானால் கிலானி ஒரு பீரா?

பலரும் குழம்பும் இடம் இது. பீர் என்றால் சூஃபி ஞானகுரு. பீர் குடும்பத்தில் பிறப்பது ஒன்று, தர்காவின் பீடத்தில் அமர்வது இன்னொன்று. தர்காவின் பொறுப்பில், முன்னோரின் தொழுகை விரிப்பில் அமர்பவரைச் சஜ்ஜாதா நஷீன் என்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான், தலைப்பாகை கட்டி அமர்த்துவார்கள். மூசா பாக் தர்காவில் அந்த இடம் குடும்பத்தின் வேறொரு கிளையிடம் இருந்தது. யூசுப் ரசா பத்திரிகையியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர், முழுநேர அரசியல்வாதி. பெயருக்கு முன் 'மக்தூம்' என்று போடுவார்கள். 'பணிவிடை பெறுபவர்' என்று அதற்குப் பொருள், பீர் குடும்பத்தாருக்கு உரிய பட்டம்.

அவருடைய ஊர்க்காரர் ஷா மஹ்மூத் குரேஷியின் நிலை வேறு. அவர் அரசியல்வாதி, கூடவே பெரிய தர்காவின் சஜ்ஜாதா நஷீன். அவரைப் பற்றிக் கீழே.

ஒரு தர்கா குடும்பம் எப்படி அரசியல் குடும்பம் ஆனது?

நடுவில் நிலம் இருக்கிறது. சுல்தான்களும் முகலாயர்களும் தர்காக்களுக்கு மானியமாக நிலம் கொடுத்தார்கள். நம் ஊரில் கோயிலுக்கும் மடத்துக்கும் இறையிலி விட்டது போலத்தான். சிந்து நதிப் பக்கம் அரசன் மாறிக்கொண்டே இருந்தான், தர்கா மாறவில்லை. ஆகவே புதிதாக வந்த ஒவ்வொரு அரசனுக்கும் உள்ளூரில் சொல் செல்லும் ஓர் ஆள் தேவைப்பட்டபோது அவன் பீரைத் தேடிப் போனான்.

பிரிட்டிஷ்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். 1857 கிளர்ச்சியின்போது முல்தானின் குரேஷி மக்தூம் ஆங்கிலேயர் பக்கம் நின்றார், பரிசாக ஜாகிர் (மானிய நிலம்) பெற்றார். (அவர் பெயரும் ஷா மஹ்மூத் என்பதால் இன்றைய குரேஷியை எதிரிகள் மேடையில் குத்திக்காட்ட வசதியாகப் போய்விட்டது.) 1900இல் வந்த பஞ்சாப் நிலச் சட்டம், வேளாண் சாதிகள் என்று பட்டியலிடப்பட்டவர்களின் நிலத்தை வட்டிக்கடைக்காரர்கள் வாங்கிவிடாமல் தடுத்தது. அந்தப் பாதுகாப்புக்குள் பீர் குடும்பங்களும் வந்தன. பிறகு மாவட்டச் சபை, கௌரவ மாஜிஸ்திரேட் பதவி, சட்டசபை. 1920களிலேயே கிலானி குடும்பத்தார் டெல்லி மத்திய சட்டசபையில் உட்கார்ந்திருந்தார்கள்.

1946 தேர்தலில்தான் பெரிய திருப்பம். அதுவரை பஞ்சாபில் நிலப்பிரபுக்களின் யூனியனிஸ்ட் கட்சி செல்வாக்காக இருந்தது. பீர்கள் பலர் முஸ்லிம் லீக் பக்கம் சாய்ந்து, லீக்குக்கு ஓட்டுப் போடுவது மார்க்கக் கடமை என்று முரீதுகளுக்குச் சொன்னார்கள். பாகிஸ்தான் பிறந்ததில் அந்த வார்த்தைக்குப் பங்கு உண்டு. யூசுப் ரசாவின் தந்தை அலம்தார் ஹுசைன் கிலானி 1950களில் பஞ்சாப் மாகாண அமைச்சராக இருந்தார்.

இவர்கள் கையை வெட்ட நினைத்தவர் ராணுவ ஆட்சியாளர் அயூப் கான். 1959இல் ஓர் அவசரச் சட்டம் போட்டு தர்காக்களை அரசின் அவ்காஃப் (வக்ஃபு) துறைக்கு மாற்றினார். உண்டியல் அரசு அதிகாரியிடம் போனது. ஆனால் உண்டியலைத்தான் எடுக்க முடிந்தது. முரீது யார் கையை முத்தமிடுவான் என்பதை அரசாணை போட்டு மாற்ற முடியவில்லை. நிலமும் குடும்பங்களின் பெயரில்தான் இருந்தது.

பீர் கை காட்டினால் முரீதுகள் அப்படியே ஓட்டுப் போட்டுவிடுவார்களா?

இந்தியத் தொலைக்காட்சிகள் அப்படித்தான் சொல்லும். கணக்கைப் பார்த்தால் அது நிற்பதில்லை. கிலானி 1997இல் தோற்றார். 2018இல் மறுபடியும் தோற்றார். 2013இல் மகன்கள் தோற்றார்கள். ஒரு மகானின் வாரிசுக்கு ஓட்டுப் போடுவது மார்க்கக் கடமை என்றால் இத்தனை தடவை கடமை தவறியவர்களா முல்தான்காரர்கள்?

சிந்தில் பீர் பகாராவின் ஹுர்கள் போல, பீர் சொல்லே சட்டம் என்று வாழும் கூட்டம் உண்டு. அது விதிவிலக்கு. தெற்குப் பஞ்சாபில் ஓட்டு என்பது பெரும்பாலும் காரியம் சம்பந்தப்பட்டது. போலீஸ் ஸ்டேஷனில் பையனை உட்கார வைத்துவிட்டார்கள், கால்வாய்த் தண்ணீரில் நம் முறையை மேல்வாய்க்கால்காரன் எடுத்துக்கொண்டான், பட்வாரி (கிராமக் கணக்கர்) பட்டா தர மாட்டேன் என்கிறான், மகளுக்கு டீச்சர் வேலை வேண்டும். இதற்கெல்லாம் யார் வீட்டு வாசலில் போய் நிற்கலாம்? தேராவின் கதவு எவருக்குத் திறந்திருக்கிறது? தேரா என்றால் பெரியவர் ஆட்களைச் சந்திக்கும் திண்ணை போன்ற இடம். மகான் வம்சம் என்ற பெயர் அந்தக் கதவுக்கு ஒரு மரியாதையைத் தருகிறது: அங்கே போய்க் கேட்பது பிச்சை ஆகாது, பாட்டன் காலத்திலிருந்து வரும் உரிமை. என் கணக்கில் பீர் பெயரின் மதிப்பு அவ்வளவுதான். ஆளை வாசல்வரை அது கொண்டுவரும். அதற்குப் பிறகு காரியம் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் அடுத்த தேர்தலில் அடுத்த வாசல்.

முல்தானில் அடுத்த வாசலும் பெரும்பாலும் ஒரு பீர் வாசலாகவே இருந்துவிடுகிறது.

அதுதான் குரேஷி குடும்பமா?

ஆமாம். முல்தான் கோட்டை மேட்டில் இரண்டு பெரிய தர்காக்கள். ஒன்று 1262இல் மறைந்த பஹாவுத்தீன் ஸகரிய்யாவுடையது. சுஹ்ரவர்திய்யா தரீக்காவை இந்த மண்ணில் ஊன்றியவர் அவர். மற்றது அவருடைய பேரர் ருக்னே ஆலமுடையது, எட்டு முகங்களோடு செங்கல்லில் எழும்பிய துக்ளக் காலக் கட்டடம். முல்தான் படம் என்று எதைப் பார்த்தாலும் அதில் தெரிவது இந்தக் குவிமாடம்தான். இரண்டுக்கும் சஜ்ஜாதா நஷீன் ஷா மஹ்மூத் குரேஷி. அவர் தந்தை சஜ்ஜாத் ஹுசைன் குரேஷி ராணுவ ஆட்சியாளர் ஜியாவுல் ஹக் காலத்தில் பஞ்சாப் ஆளுநர்.

2008இல் கிலானி பிரதமர், அவர் அமைச்சரவையில் குரேஷி வெளியுறவு அமைச்சர். 2011இல் குரேஷி வெளியேறி இம்ரான் கானிடம் போனார். அடுத்த தலைமுறையிலும் ஓயவில்லை. 2018இல் குரேஷியின் மகன் ஜெய்ன், கிலானியின் மகன் அலி மூசாவைத் தோற்கடித்தார். 2022 அக்டோபர் இடைத்தேர்தலில் அதே தொகுதியில் குரேஷியின் மகள் மெஹர் பானுவை அலி மூசா சுமார் 25,000 ஓட்டில் தோற்கடித்தார். காதிரிய்யா ஒரு பக்கம், சுஹ்ரவர்திய்யா மறு பக்கம் என்று யாரும் மேடையில் பேசவில்லை. விலைவாசியும் இம்ரான் கானும்தான் பேச்சு. இரு வேட்பாளர்களும் மகான் வம்சம் எனும்போது மகான்கள் ஒருவரையொருவர் கழித்துக்கொள்கிறார்கள்.

கிலானி அரசியலில் எப்படி வளர்ந்தார்?

1952 ஜூன் 9இல் கராச்சியில் பிறந்தார், வளர்ந்தது முல்தான். ஜனநாயகம் பேசும் கட்சியின் பிரதமராக அறியப்பட்டவர் அரசியலைத் தொடங்கியது சர்வாதிகாரி ஜியாவுல் ஹக்கின் நிழலில். 1983இல் முல்தான் மாவட்டக் கவுன்சில் தலைவர். 1985இல் கட்சிகள் இல்லாமல் நடந்த தேர்தலில் நாடாளுமன்ற உறுப்பினர், பிறகு பிரதமர் ஜுனேஜோவின் அமைச்சரவையில் அமைச்சர். ஜுனேஜோவே பீர் பகாராவின் முரீது என்பதையும், கிலானி குடும்பத்துக்கும் பகாரா குடும்பத்துக்கும் திருமண உறவு உண்டு என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்தக் கால இஸ்லாமாபாத் ஒரு பெரிய சம்பந்தி வீடு போலத் தெரியும்.

1988இல் பெனாசிர் பூட்டோவின் பாகிஸ்தான் மக்கள் கட்சியில் சேர்ந்தார். அந்தத் தேர்தலில் முல்தானில் அவரிடம் தோற்றவர் நவாஸ் ஷெரீப். 1993 முதல் 1997 வரை நாடாளுமன்ற சபாநாயகர். சிறையிலிருந்த எதிர்க்கட்சி உறுப்பினர்களைச் சபைக்குக் கொண்டுவர உத்தரவிட்டு, சொந்தக் கட்சி அரசின் முகச்சுளிப்பை வாங்கிக்கொண்டார்.

அவர் சிறைக்குப் போனது எதற்காக?

சபாநாயகராக இருந்தபோது நாடாளுமன்றச் செயலகத்தில் விதிகளை மீறி ஆட்களுக்கு வேலை போட்டுக் கொடுத்தார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. வாசலில் வந்து நிற்பவருக்குக் காரியம் முடித்துத் தரும் தேரா அரசியலை மேலே சொன்னேனே, சட்டத்தின் மொழியில் எழுதினால் அது இப்படித்தான் வரும். 2001 பிப்ரவரியில் முஷாரப்பின் ராணுவ ஆட்சி கைது செய்தது. 2004இல் பத்தாண்டு தண்டனை, 2006 அக்டோபரில் விடுதலை. கட்சி மாறினால் வெளியே விடுகிறோம் என்று பேரம் பேசினார்கள், நான் மறுத்தேன் என்பது அவர் தரப்பு. சிறையில் உருதுவில் தன்வரலாறு எழுதினார். கிணற்றில் தள்ளப்பட்ட யூசுப் நபியின் கதையைத் தன் பெயரோடு பிணைத்துத் தலைப்பு வைத்தார். கதையில் யூசுப் கிணற்றிலிருந்தும் பிறகு சிறையிலிருந்தும் மீண்டு எகிப்தின் அதிகாரத்துக்கு வருகிறார். இவருக்கும் அது பலித்தது என்பதுதான் வேடிக்கை.

பிரதமர் பதவி எப்படிக் கிடைத்தது?

2007 டிசம்பரில் பெனாசிர் கொல்லப்பட்டார். 2008 பிப்ரவரித் தேர்தலில் கட்சி முதலிடம் பெற்றது. எல்லோரும் எதிர்பார்த்த பெயர் மக்தூம் அமீன் ஃபஹீம். சிந்தின் ஹாலா ஊர்க்காரர், அவரும் பீர், சர்வரி ஜமாத்தின் தலைவர். கட்சித் தலைமைக்கு வந்த பெனாசிரின் கணவர் ஆசிப் அலி சர்தாரி அவரை ஒதுக்கிவிட்டு முல்தான்காரரைத் தேர்ந்தார். போட்டி ஒரு பீர் குடும்பத்துக்கும் இன்னொரு பீர் குடும்பத்துக்கும் இடையே என்பதால் வம்சம் எதையும் தீர்மானிக்கவில்லை. பஞ்சாபிலிருந்து ஒருவர் வேண்டும், சொந்தப் படை இல்லாத ஒருவர் வேண்டும் என்பதே கணக்கு என்று நான் படிக்கிறேன்.

நாடாளுமன்றத்தில் 264 ஓட்டு, எதிர்த்த பர்வேஸ் இலாஹிக்கு 42. மார்ச் 25 அன்று பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் ஜனாதிபதி முஷாரப், அதாவது இவரைச் சிறையில் வைத்திருந்தவர்.

ஆட்சியில் சொல்லும்படி என்ன நடந்தது?

2010 ஏப்ரலில் 18ஆவது அரசியல் சட்டத் திருத்தம். சபையைக் கலைக்கும் அதிகாரத்தை ஜனாதிபதியிடமிருந்து பிடுங்கி, மாகாணங்களுக்குப் பல துறைகளைக் கொடுத்தது. வடமேற்கு எல்லைப்புற மாகாணம் கைபர் பக்துன்குவா ஆனதும் அதில்தான். பெனாசிர் பெயரிலான உதவித்தொகைத் திட்டம் ஏழைக் குடும்பங்களில் பெண்களின் கையில் பணம் கொடுத்தது, இன்றும் நடக்கிறது.

இந்திய வாசகர்களுக்கு நினைவிருப்பவை வேறு: 2008 மும்பைத் தாக்குதல், 2009 ஜூலையில் மன்மோகன் சிங்கோடு ஷர்ம் அல் ஷேக் கூட்டறிக்கை, 2011 மார்ச் 30 மொஹாலி உலகக் கோப்பை அரையிறுதியில் இருவரும் சேர்ந்து ஆட்டம் பார்த்தது. அது முடிந்து ஐந்து வாரத்தில் அபோட்டாபாத்தில் பின்லேடன் கொல்லப்பட்டார். அந்த ஆண்டுக் கடைசியில், அரசுக்குள் ஓர் அரசு இருக்க முடியாது என்று ராணுவத்தைக் குறித்து நாடாளுமன்றத்தில் பேசினார். பாகிஸ்தான் பிரதமர்கள் பொதுவாகப் பதவி போன பிறகுதான் இப்படிப் பேசுவார்கள்.

பதவி எப்படிப் பறிபோனது?

ஜனாதிபதி சர்தாரி மீதான பழைய ஊழல் வழக்கைத் திரும்பத் திறக்கும்படி சுவிட்சர்லாந்துக்குக் கடிதம் எழுதச் சொன்னது உச்ச நீதிமன்றம். ஜனாதிபதிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, எழுத மாட்டேன் என்றார் கிலானி. 2012 ஏப்ரல் 26 அன்று நீதிமன்ற அவமதிப்புக்குத் தண்டனை: நீதிபதிகள் எழுந்து போகும்வரை காவல். அரை நிமிடம் இருக்கலாம். அந்த அரை நிமிடத் தண்டனையைக் காட்டி ஜூன் 19 அன்று பதவியையே பறித்தார்கள்.

2008 மார்ச்சில் பிரதமராகத் தேர்வானதும் அவர் அறிவித்த முதல் காரியம், முஷாரப் வீட்டுக்காவலில் வைத்திருந்த நீதிபதிகளை விடுவிப்பது. 2009 மார்ச் 16 விடியற்காலையில் தொலைக்காட்சியில் தோன்றித் தலைமை நீதிபதி இஃப்திகார் சௌத்ரி மீண்டும் பதவிக்கு வருவார் என்று சொன்னவரும் இவரே. அந்தச் சௌத்ரியின் நீதிமன்றம்தான் இவரை இறக்கியது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பதவியில் இருந்தார். பாகிஸ்தானில் எந்தப் பிரதமரும் ஐந்தாண்டை முடித்ததில்லை என்பதால் அதுவே பெரிய ஆயுள்.

சூஃபி வழிவந்தவர் என்றால் தீவிரவாதத்துக்கு நல்ல மாற்று மருந்து அல்லவா?

மேற்கத்திய நாடுகள் அப்படி நம்ப ஆசைப்பட்ட காலம் அது. ஆனால் அவர் ஆட்சியில்தான் தர்காக்களில் குண்டு வெடித்தது: 2010 ஜூலை 1 லாகூர் தாத்தா தர்பார், 2011 ஏப்ரல் 3 சகி சர்வர். இரண்டிலும் 40க்கு மேற்பட்டோர் செத்தார்கள். தர்கா வழிபாட்டை ஷிர்க், அதாவது இறைவனுக்கு இணை வைப்பது, என்று சொல்லும் தீவிரவாதிகளின் வேலை.

நாணயத்தின் மறுபக்கத்தை 2011 ஜனவரி 4இல் பார்த்தோம். தெய்வ நிந்தனைச் சட்டத்தை விமர்சித்த பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீரை அவருடைய மெய்க்காப்பாளனே சுட்டுக் கொன்றான். அவன் தர்காக்களை மதிக்கும் பரேல்வி மரபைச் சேர்ந்தவன், அவனைத் தியாகி என்று கொண்டாடிய ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) அதே மரபு. தசீர் கிலானியின் கட்சிக்காரர். சட்டத்தைத் திருத்தும் எண்ணமே இல்லை என்று கிலானி அரசு சொல்லிவிட்டது. மகான் வம்சத்துப் பிரதமர் தன் பரம்பரையின் மதிப்பைச் செலவு செய்திருக்க வேண்டிய நேரம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. செலவு செய்யவில்லை.

ஊழல் புகார்கள்?

நிறைய. 2010இல் ஹஜ் ஏற்பாடுகளில் முறைகேடு என்று அவர் அமைச்சரவையின் மத விவகார அமைச்சர் ஹமீத் சயீத் காஸ்மி சிறை சென்றார், 2017இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. மக்கள் மறக்காத கதை என்றால் கழுத்தணிதான். 2010 வெள்ளத்தின்போது துருக்கியின் எர்டோகன் மனைவி, பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று தன் கழுத்தணியைக் கொடுத்தார். அது எங்கே என்று 2015இல் விசாரணை தொடங்கியபோது, தன்னிடம் இருப்பதாகச் சொல்லி கிலானி திருப்பிக் கொடுத்தார்.

மகன் கடத்தப்பட்டது உண்மையா?

உண்மை. 2013 மே 9, தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, முல்தானில் பிரசாரத்தில் இருந்த அலி ஹைதரைத் துப்பாக்கிக்காரர்கள் தூக்கிப் போனார்கள். மூன்று ஆண்டுகள். 2016 மே 10 அன்று ஆப்கானிஸ்தானில் அமெரிக்க, ஆப்கன் படைகள் மீட்டன. பிறகு அவர் பஞ்சாப் சட்டசபை உறுப்பினர் ஆனார்.

மகன்களின் பெயர்களையும் பாருங்கள்: அப்துல் காதிர், அலி மூசா, அலி காசிம், அலி ஹைதர். முதல் பெயர் பாக்தாத் மகானுடையது, இரண்டாவதில் இருப்பது பாக் கேட் மகானுடையது.

தமிழகத் தர்காக்களிலிருந்து ஏன் இப்படி அரசியல் குடும்பங்கள் வரவில்லை?

நாகூரிலும் வம்சாவழியினர் உண்டு, பரம்பரை உரிமை உண்டு, கந்தூரிக்கு வரும் கூட்டம் முல்தான் உர்ஸுக்குக் குறைந்ததல்ல. இல்லாதது அந்த அளவு நிலமும் அதில் குத்தகைக்கு உழும் ஆயிரக்கணக்கான குடும்பங்களும். தமிழ் முஸ்லிம்களில் பெரிய வீடுகள் கப்பலும் வணிகமுமாக எழுந்தவை. நாகூருக்கு வருபவர்களில் பெரும்பகுதி இந்துக்கள். நேர்த்திக்கடன் முடித்துவிட்டுத் தங்கள் ஊருக்குப் போய்த் தங்கள் கட்சிக்கு ஓட்டுப் போடுவார்கள். தர்கா குடும்பத்திடம் அவர்களுக்குப் பட்டா வேலை எதுவும் இல்லை.

இப்போது கிலானி என்ன செய்கிறார்?

2021 மார்ச்சில் இஸ்லாமாபாத் இடத்துக்கான செனட் தேர்தலில் இம்ரான் கான் அரசின் நிதியமைச்சரை 169க்கு 164 என்று தோற்கடித்துத் திரும்பி வந்தார். சில நாளிலேயே செனட் தலைவர் தேர்தலில் தோற்றார்: அவருக்கு விழுந்த ஏழு ஓட்டுகளில் முத்திரை கட்டத்தில் படாமல் பெயர்மேல் பட்டிருந்தது என்று செல்லாதவை ஆக்கிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் முல்தானில் மயிரிழையில் வென்று நாடாளுமன்றம் போனார். பிறகு செனட்டுக்கே திரும்பி, ஏப்ரல் 9 அன்று போட்டியின்றிச் செனட் தலைவர் ஆனார். ஜனாதிபதி வெளிநாடு போனால் தற்காலிக ஜனாதிபதியும் அவர்தான். அவர் விட்டுப் போன முல்தான் தொகுதிக்கு மே மாதம் இடைத்தேர்தல் நடந்தது, மகன் அலி காசிம் வென்றார்.